பத்தொன்பது கிராம் பாம்புக் குட்டிக்கு எவ்வளவு இரை?

கேள்வி: லண்டனின் ஹாரோவில் வசிக்கிறோம். சென்ற ஜூலை இறுதியில் முட்டையிலிருந்து வெளிவந்த ஒரு கார்ன் ஸ்நேக் குட்டியை, என் 12 வயது மகனுக்காகச் செப்டம்பரில் வாங்கினோம். உறையவைத்து விற்கப்படும் பிங்க்கி என்னும் சுண்டெலிக் குஞ்சு ஒன்றை வாரம் ஒருமுறை கொடுத்து வருகிறோம். மகன் மாதந்தோறும் குட்டியை நிறுத்துக் குறித்து வைக்கிறான்: செப்டம்பரில் 9 கிராம், பின்னர் 11, 14, 17, ஜனவரியில் 19.5. அவனுடைய நண்பனிடம் உள்ள அதே வயதுக் குட்டியோ 45 கிராம் இருக்கிறது. கடைக்காரரிடம் கேட்டதற்கு, நான்கு நாளுக்கு ஒருமுறை பெரிய இரையாகக் கொடுக்கச் சொன்னார். அதன்படி 7 கிராம் எடையுள்ள எலிக்குஞ்சைக் கொடுத்தோம். மூன்றாம் நாள் அதைப் பாதி செரித்த நிலையில் கக்கிவிட்டது. மறுநாளே ஒரு பிங்க்கியை வைத்தோம், தொடவில்லை. இப்போது 18 கிராம் இருக்கிறது. கண்கள் வெளுத்து மங்கியிருக்கின்றன. தொட்டியின் கண்ணாடிச் சுவரில் ஒட்டியுள்ள வெப்பமானி 24 பாகை காட்டுகிறது. பிள்ளையைப் பட்டினி போடுகிறீர்கள், கொஞ்சம் பாலாவது வையுங்கள் என்று என் மாமி வருந்துகிறார். ஆறு மாதக் குட்டி எத்தனை கிராம் இருக்க வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உடனே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். குட்டிக்கு இப்போது எந்த இரையும் கொடுக்காதீர்கள். கக்கிய நாளிலிருந்து 14 நாள்கள் முழுமையாகக் கழியட்டும். அதுவரை சுத்தமான தண்ணீர் மட்டும் எப்போதும் தொட்டியில் இருக்கட்டும், யாரும் அதைக் கையில் எடுக்க வேண்டாம். மறுநாள் வைத்த பிங்க்கியை அது தொடாமல் விட்டது நல்லதாகப் போயிற்று. கக்கும்போது இரையோடு வயிற்றின் அமிலமும் செரிமான நீர்களும் சேர்ந்து வெளியேறுகின்றன. அந்த அமிலம் பட்ட உணவுக்குழாயும் புண்பட்டிருக்கும். அது ஆறுவதற்கு முன்னர் மீண்டும் இரை கொடுத்தால் மீண்டும் கக்கும். இப்படி இரண்டு மூன்று முறை கக்கிய சிறு குட்டிகளைப் பிழைக்க வைப்பது அனுபவமுள்ள எங்களுக்கே கடினமாகிவிடுகிறது. பெரிய பாம்புக்கு ஒருமுறை கக்குவது சிறு தொல்லை. 18 கிராம் குட்டிக்கு அது பெரிய இழப்பு.

கண்கள் வெளுத்திருப்பது நோயன்று. குட்டி சட்டை உரிக்கப் போகிறது. பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையே திரவம் சுரப்பதால் கண்ணை மூடியுள்ள செதில் மங்கித் தெரிகிறது. சில நாள்களில் கண்கள் மறுபடி தெளியும். அதற்குப் பின் ஓரிரு நாள் முதல் ஒரு வாரத்துக்குள் சட்டை கழன்றுவிடும். இந்தக் காலத்தில் பெரும்பாலான பாம்புகள் இரை எடுப்பதில்லை. ஆகவே அது பிங்க்கியை மறுத்ததற்கு, கக்கியது ஒன்று, சட்டை ஒன்று என இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஈரமான பாசியையோ ஈரப்படுத்திய காகிதத் துண்டுகளையோ ஒரு சிறு மூடிய டப்பாவில் இட்டு, குட்டி நுழையுமளவு துளையிட்டுத் தொட்டிக்குள் வையுங்கள். சட்டை ஒரே துண்டாகக் கழல அது உதவும். கழன்ற சட்டையை எடுத்துக் கண்களின் மேலிருந்த இரண்டு சிறு வட்டச் செதில்களும் அதில் இருக்கின்றனவா என்று உங்கள் மகன் பார்க்கட்டும்.

இனி எடைக்கு வருகிறேன். ஆறு மாதக் குட்டி இத்தனை கிராம் இருக்க வேண்டும் என்று ஓர் எண்ணை நான் உங்களுக்குத் தரப்போவதில்லை, ஏனெனில் அப்படி ஓர் எண் இல்லை. கார்ன் ஸ்நேக் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த பாம்பு. அங்கே காட்டில் பிறக்கும் குட்டி சிறு பல்லிகளையும் மரத்தவளைகளையும் கிடைத்தபோது தின்று, கிடைக்காதபோது சும்மா இருந்து, குளிர்காலத்தில் மறைவிடத்தில் அடங்கிக் கிடந்து வளர்கிறது. கோடையில் நிறைய இரை கிடைத்த குட்டியும் கிடைக்காத குட்டியும் ஒரே வயதில் எடையில் பாதிக்குப் பாதி வேறுபட்டிருந்தாலும், இரண்டும் நலமாகவே இருக்கக்கூடும். நண்பனின் 45 கிராம் குட்டி உங்கள் குட்டியைவிட நலமானது என்பதற்கு அந்த 45 என்ற எண் சான்றாகாது. அது அதிக இரை தின்றிருக்கிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. ஓராண்டு நிறைவில் 60 கிராமில் நலமாக இருக்கும் குட்டிகளையும் 150 கிராமில் நலமாக இருக்கும் குட்டிகளையும் நான் ஒருங்கே பார்த்து வருகிறேன்.

அதனால் எடை பயனற்றது என்று ஆகிவிடாது. ஒரு குட்டியை அதன் சொந்தப் பழைய எடையோடு ஒப்பிடும்போது எடை மிக நேர்மையாகப் பேசும். உங்கள் மகன் எழுதி வைத்திருக்கும் குறிப்பு, எந்த ஆய்வுக்கூட அறிக்கைக்கும் குறையாத மதிப்புடையது. அவனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அந்த எண்களைச் சற்று உற்றுப் பாருங்கள். 9 கிராமிலிருந்து 11 ஆனபோது குட்டி தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. 11-லிருந்து 14 ஆனபோது கால் பங்குக்கு மேல் கூடியது. 14-லிருந்து 17 என்பது மீண்டும் ஐந்தில் ஒரு பங்கு. 17-லிருந்து 19.5 என்பதோ ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். மாதந்தோறும் இரண்டு மூன்று கிராம் கூடிக்கொண்டே வந்ததால் வளர்ச்சி சீராக இருப்பதுபோல் தோன்றினாலும், உடலின் அளவோடு ஒப்பிட்டால் அது மந்தமாகத் தொடங்கியிருக்கிறது. காரணம் எளியது. ஒரு பிங்க்கி, அதாவது மயிர் முளைக்காத, கண் திறவாத சுண்டெலிக் குஞ்சு, சுமார் 2 கிராம் இருக்கும். செப்டம்பரில் அது குட்டியின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். ஜனவரியில் பத்தில் ஒரு பங்குதான். குட்டி வளர்ந்தது, இரை வளரவில்லை.

ஆகவே இரையைக் கூட்ட வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரியானதே. கூட்டிய விதந்தான் தவறாகிவிட்டது. 2 கிராம் தின்று பழகிய வயிற்றுக்கு ஒரே தாவலில் 7 கிராம், அதாவது உடலெடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், போய்ச் சேர்ந்தது. கடைக்காரர் சொன்ன நான்கு நாள் கணக்கோடு இதைச் சேர்த்தால், முந்தைய இரை செரித்துக் கழிவு வெளியேறுவதற்கு முன்பே அடுத்த இரை உள்ளே போகும். விரைவில் பெரிதாக்கி இனப்பெருக்கத்துக்கு விட வேண்டும் என்பவர்கள் இப்படி ஊட்டுவதுண்டு. வீட்டில் 15 ஆண்டு, 20 ஆண்டு வாழ வேண்டிய ஒரு பாம்புக்கு இது தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. மிகுதியான உணவைப் பாம்பின் உடல் வயிற்றறையில் உள்ள கொழுப்புத் திரள்களில் சேர்க்கும். பிறகு அது ஈரலிலும் படியும். ஈரல் கெட்டிருப்பது வெளியே தெரிய வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

ஆனால் இரையின் அளவு மட்டுமே குட்டியைக் கக்க வைத்தது என்று நான் நினைக்கவில்லை. உங்கள் கடிதத்தில் என் கவனத்தை நிறுத்தியது அந்த 24 பாகை. நம் உடல், உண்ட உணவின் பெரும் பகுதியை எரித்துத் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பாம்பு அவ்வாறு செய்வதில்லை. அது சூட்டைச் சுற்றுப்புறத்திலிருந்து பெறுகிறது. வாரம் ஒரு வேளை உணவு அதற்குப் போதுவதும் அதனால்தான். வெளியே சூடு இல்லாவிட்டால் உண்டது செரிக்காததும் அதனால்தான். செரிமான நீர்கள் போதிய வெப்பத்தில்தான் வேலை செய்யும். வெப்பம் குறைந்தால் முழு எலி வயிற்றிலேயே அழுகத் தொடங்கும், பாம்பு அதை வெளியேற்றிவிடும். மூன்றாம் நாள், பாதி செரித்த நிலையில் என்று நீங்கள் எழுதியிருப்பது இந்தச் சித்திரத்தோடு நன்றாகப் பொருந்துகிறது.

சுவரில் ஒட்டிய வெப்பமானி, தொட்டியின் நடுவுயரத்துக் காற்றின் வெப்பத்தைக் காட்டுகிறது. குட்டி வாழ்வதோ தரையில்; அதிலும் மரச்சீவல்களைத் துளைத்துக்கொண்டு அடியில் போய்க் கண்ணாடியின்மேல் படுப்பது அதற்குப் பிடிக்கும். கம்பியின் முனையில் உணர்கருவி உள்ள டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை வாங்கி, அந்த முனையை ஹீட் மேட் என்னும் சூடேற்றும் விரிப்புக்கு நேர் மேலே, தரைப்பரப்பில், சீவல்களுக்கு அடியில் வையுங்கள். சூடான பக்கத்தில் அது 29 முதல் 31 பாகை செல்சியஸ் காட்ட வேண்டும். எதிர்ப்பக்கம் 22 முதல் 24 இருக்கலாம். ஹீட் மேட், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வழியாகவே இயங்க வேண்டும், இல்லையேல் அது குட்டியைச் சுட்டுவிடும். பிப்ரவரி மாதத்து இரவில் வீட்டின் ஹீட்டிங்கை நீங்கள் குறைப்பீர்கள் என்றால், இரவு இரண்டு மணிக்கு அந்தத் தரை என்ன காட்டுகிறது என்பதும் தெரிய வேண்டும். கூடிய, குறைந்த அளவுகளை நினைவில் வைக்கும் வெப்பமானிகள் மலிவாகவே கிடைக்கின்றன. சூடான பக்கத்தில் ஒன்றும் குளிர்ந்த பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு மறைவிடங்கள் இருக்கட்டும். மறைவிடம் குளிர்ந்த பக்கத்தில் மட்டும் இருந்தால், அச்சமுள்ள குட்டி சூட்டைத் துறந்து மறைவையே தேடிக்கொண்டு வயிற்றில் இரையோடு குளிரில் கிடக்கும். வெப்பம் சரியானதை இரண்டு மூன்று நாள் பார்த்து உறுதி செய்துகொள்ளாமல் அடுத்த இரையைக் கொடுக்க வேண்டாம்.

பதினான்கு நாளும் கழிந்து, சட்டையும் உரித்து முடிந்தபின், கிடைப்பவற்றிலேயே மிகச் சிறிய பிங்க்கியாக, ஒரு கிராமை ஒட்டிய ஒன்றைக் கொடுங்கள். அது செரித்துக் கழிவு வந்தால், ஏழு நாள் கழித்து வழக்கமான 2 கிராம் பிங்க்கி. அதற்கு அடுத்த வாரமும் அதுவே. இப்படி மூன்று இரைகள் தங்கிவிட்டால், நான்காம் வாரம் ஒரே வேளையில் இரண்டு பிங்க்கிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்கலாம். எடை 25 கிராமைத் தாண்டியதும், மெல்லிய மயிர் அரும்பிய ஃபஸ்ஸி என்னும் குஞ்சில் 4, 5 கிராம் உள்ளதாகப் பார்த்து ஒன்று கொடுங்கள். இடைவெளி ஏழு நாளாகவே இருக்கட்டும். ஏறத்தாழ 50 கிராமில் ஹாப்பர் என விற்கப்படும் சற்றே பெரிய குஞ்சுக்கு மாறலாம். சிறு குட்டிக்கு உடலெடையில் ஐந்தில் ஒரு பங்குவரை கொடுப்பதில் தவறில்லை, ஏனெனில் பிங்க்கியில் நீர்ச்சத்து மிகுதி, எலும்பு இன்னும் முற்றியிருக்காது. பாம்பு 100 கிராமைத் தாண்டிய பின்னர் இரையின் எடை அதன் எடையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி இருந்தால் போதும், இடைவெளியையும் பத்து நாளாக்கலாம். முழு வளர்ச்சி அடைந்தபின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதுமானது. எந்த வயதிலும் இரையின் பருமன், பாம்பின் உடலில் மிகத் தடித்த இடத்தின் பருமனை ஒட்டியே இருக்க வேண்டும். இரை எடுத்த பிறகு 48 மணி நேரம் குட்டியைத் தூக்கக் கூடாது என்பதை மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

உடல்வாகைப் பார்ப்பது எடையைப் பார்ப்பதைப் போலவே முக்கியமானது. இதில் கண்ணும் விரலும் தராசைவிடக் கூடுதலாகச் சொல்லும். இரை கொடுக்கும் நாளில், கொடுப்பதற்கு முன்னர், குட்டியைக் கையில் ஊரவிட்டு உடலின் நடுப்பகுதியைப் பாருங்கள். கார்ன் ஸ்நேக்கின் வயிறு தட்டையானது. முதுகு உருண்டு, பக்கங்கள் சற்றே நிமிர்ந்திருக்கும். குறுக்கே வெட்டினால் எப்படித் தெரியும் என்று எண்ணிப் பார்த்தால், அது ஒரு பாண் (ரொட்டி) துண்டின் வடிவத்தில் இருக்க வேண்டும். மெலிந்த குட்டியில் முதுகெலும்பு நடுவே வரம்பிட்டதுபோல் எழும்பி, பக்கங்கள் சரிந்து, அந்த வடிவம் முக்கோணமாகிவிடும். பக்கங்களில் தோல் நீளவாக்கில் மடிந்து தளர்ந்திருக்கும். கொழுத்த பாம்பில் இதற்கு மாறாக முதுகெலும்பின் மேல் ஒரு பள்ளக் கோடு ஓடும். வயிற்றில் இரை இல்லாதபோதும் செதில்கள் விலகி இடையே தோல் தெரியும். வளையும் இடங்களில் சதை மடியும். கழிவுத்துளைக்குச் சற்று முன்னால் உடல் புடைத்து, அதன்பின் வால் திடீரென்று ஒடுங்கினால், அங்கே கொழுப்புத் திரண்டிருக்கிறது என்று பொருள். நலமான உடலில் கழுத்திலிருந்து நடுவுடல்வரை மெல்லத் தடித்து, அங்கிருந்து வால்நுனிவரை மெல்ல ஒடுங்கும். நண்பனின் 45 கிராம் குட்டியையும் இப்படிப் பார்க்கச் சொல்லுங்கள். அது பாண் வடிவத்தில் இருந்தால் அதுவும் நலந்தான்.

விரலில் சுற்றும்போது இறுக்கிப் பிடிக்கிறதா என்பதையும் கவனியுங்கள். மெலிந்திருந்தாலும் இறுகப் பிடிக்கும் குட்டியைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. எடை சரியாக இருந்தும் கையில் துவண்டு தொங்கும் குட்டியை அன்றே பார்க்க விரும்புவேன்.

நிறுப்பதில் ஒரு திருத்தம் தேவை. சமையலறைத் தராசுகள் பெரும்பாலும் ஒரு கிராம் துல்லியத்தில்தான் காட்டும். 18 கிராம் உடலில் ஒரு கிராம் பிசகு என்பது இருபதில் ஒரு பங்குக்கும் மேல். நகை நிறுக்கப் பயன்படும் வகையிலான, 0.1 கிராம் காட்டும் சிறு மின்தராசு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். மூடியுள்ள டப்பாவை அதன்மேல் வைத்துப் பூச்சியமாக்கிய பின் குட்டியை டப்பாவுக்குள் விட்டு நிறுக்க வேண்டும். இரைக்கு முன்னர், கழிவு வெளியேறிய பின்னர், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிறுத்தால் போதும். தண்ணீர் குடித்ததும் கழிவு வந்ததும் சிறு குட்டியின் எடையைச் சற்றே கூட்டவோ குறைக்கவோ செய்யுமாதலால், நாள்தோறும் நிறுப்பது வீண் கலக்கத்தையே தரும். ஒவ்வொரு குறிப்பின் பக்கத்திலும் இரையின் எடை, கொடுத்த தேதி, கழிவு வந்த தேதி, சட்டை உரித்த தேதி ஆகியவற்றை மகன் எழுதட்டும்.

உறைந்த இரையை மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. வெளியே வெந்து உள்ளே உறைந்தே இருக்கும், சில வேளை வெடித்தும்விடும். மூடிய பையில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், சமையல் பொருள்களிலிருந்து தள்ளி வைத்து உருகவிட்டு, கொடுப்பதற்குச் சற்று முன் அந்தப் பையோடு வெந்நீரில் சில நிமிடம் வைத்துச் சூடாக்கி, நன்றாகத் துடைத்து இடுக்கியால் நீட்டுங்கள். நடுவில் உறைபனி மிஞ்சியிருப்பதும் குட்டியைக் கக்க வைக்கும் காரணங்களுள் ஒன்று. உறையவைப்பது சால்மோனெல்லா கிருமியைக் கொல்வதில்லை. பாம்புத் தீனியாக விற்கப்படும் உறைந்த எலிகளிலிருந்து பிரிட்டனில் 2015 முதல் மனிதருக்குத் தொற்றுகள் பரவியதைச் சுகாதாரத் துறையினர் கண்டறிந்து 2021-இல் எச்சரித்தார்கள். பாதிக்கப்பட்டவர்களுள் குழந்தைகளும் இருந்தார்கள். எனவே இடுக்கி, கிண்ணம், டப்பா, தராசு ஆகியவை பாம்புக்கென்றே தனியாக இருக்கட்டும், சமையலறைத் தொட்டியில் அவற்றைக் கழுவ வேண்டாம், ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். உயிருள்ள எலியைக் கொடுக்குமாறு யாரேனும் சொன்னால் மறுத்துவிடுங்கள். பசியில்லாத பாம்போடு விடப்பட்ட எலி அதன் முதுகைக் கடித்துக் குதறிவிடும். எலிக்கும் அது தேவையற்ற வதை.

உங்கள் மாமியின் கவலையில் அன்பு இருக்கிறது. அதற்குரிய விடையை அவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பாம்பின் இயற்கை உணவில் பால் இல்லை. பலநாள் தாகத்தில் வாடிய பாம்பு எந்தத் திரவத்தையும் குடிக்கும், பாலையும் குடிக்கும். ஆனால் அதைச் செரிக்க அதன் குடலால் இயலாது. இப்போது புண்பட்டிருக்கும் இந்த வயிற்றுக்கு அது மேலும் கேடு செய்யும். கோழித் துண்டோ மீன் துண்டோ கொடுப்பதும் வேண்டாம். எலும்பும் குடலும் ஈரலும் சேர்ந்த முழு இரையில்தான் குட்டிக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் உயிர்ச்சத்துகளும் சரியான அளவில் இருக்கின்றன. பட்டினி என்ற அச்சத்துக்கு, 19.5 கிராமிலிருந்து 18-க்கு வந்திருக்கும் இறக்கம் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு என்பதையும், நலமாயிருந்த ஒரு குட்டி இரண்டு வார ஓய்வைத் தாங்கும் என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு சொல். இந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு வயலில் பிடித்த சாரையையோ நம் நாட்டின் வேறெந்தப் பாம்பையோ வளர்க்க முற்பட வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

இந்தக் காத்திருப்புக் காலத்தில் குட்டியின் எடை 17.5 கிராமுக்குக் கீழே போனாலோ, கொடுக்கும் முதல் சிறு பிங்க்கியையும் கக்கினாலோ, வயிற்றின் நடுப்பகுதியில் இரையில்லாமலே வீக்கம் தெரிந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, வாயோரத்தில் நுரையோ சளியோ கண்டாலோ, மேற்கொண்டு வீட்டில் எதையும் முயலாமல் ஊர்வனவற்றுக்கு மருத்துவம் பார்க்கும் விலங்கு மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். மீண்டும் மீண்டும் கக்கும் பாம்புகளில் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று சோதிக்க வேண்டியிருக்கும். அதற்காகக் கடைசியாக வந்த கழிவையோ கக்கிய பொருளையோ இறுக மூடிய டப்பாவில் கொண்டு போங்கள். மகனின் எடைக் குறிப்பேட்டையும், இரவு வெப்ப அளவுகளையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். போகும் வழியில் குட்டி குளிராமல் இருக்க, துணிப்பையில் விட்டு, காற்றுத் துளையுள்ள டப்பாவில் வைத்து, துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தல் ஒன்றை அந்த டப்பாவின் ஒரு பக்கத்தில் மட்டும் அணைத்து வையுங்கள்.